மஞ்சள் குமிழ், சிவப்புக் குமிழ், ஒரு பித்தளைத் தகடு

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் டவுனில் வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு மரக்கறி வாங்கி வருவதற்குள் இரண்டு பேர் ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு தம்பி நேராகவே கேட்டார்: "அண்ணே, அந்தத் தமிழ்த் தகடு எங்க வாங்கினீங்க? கொழும்பு பஞ்சிகாவத்தையில, பழைய சாமான் கடையிலயா?" அவரிடம் ஒரு பழைய மிட்சுபிஷி ஜீப் இருக்கிறதாம், உள்ளே ஏதாவது செய்து அழகாக்க வேண்டுமாம். மழை பிடித்துக்கொண்டதால் நின்று பேச முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், ஏனென்றால் எந்தக் குமிழ் எதற்கு என்று தமிழில் வெட்டி வண்டிக்குள் பொருத்திய அந்தப் பித்தளைத் தகட்டுக்கு வருவதற்கு முன்னால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

என்னுடையது 1964-ஆம் ஆண்டு லேண்ட் ரோவர். சீரிஸ் டூ ஏ, 88 அங்குலக் குட்டை வண்டி, 2286 சிசி பெற்றோல் எஞ்சின். ஒன்பது வருடத்துக்கு முன் பலாங்கொடைப் பக்கம் ஒரு வீட்டின் பின்னால் படங்கு போட்டு மூடிக் கிடந்ததை வாங்கி, பொகவந்தலாவை வழியாக லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அப்பா தேயிலைத் தோட்டத்து டிரைவராக இருந்தவர். 1975-இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த சமயத்தில் வேலைக்குச் சேர்ந்து, துரைமார் வர வர, போகப் போக, ஒரே லேண்ட் ரோவரைப் பல வருடம் ஓட்டியவர். அவர் ஓட்டிய வண்டி ஏலத்தில் போய்விட்டது. இது அதுவல்ல. ஆனால் அதே மாதிரி, அதே சத்தம். லொறியிலிருந்து இறக்கிய அன்று அவர் முதலில் போய்த் தொட்டது கதவையும் இல்லை, ஸ்டேரிங்கையும் இல்லை. உள்ளே கையை விட்டு, முன் சக்கரங்களுக்கும் சக்தி கொடுக்கிற அந்த மஞ்சள் குமிழைத்தான் அமுக்கிப் பார்த்தார்.

சரி, உள்ளே போவதற்கு முன் வெளியில் ஒட்டுகிற பேட்ஜ், அதாவது வண்டியின் பெயர்ச் சின்னம், அந்த விஷயத்துக்கு வருகிறேன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் செய்கிற வேலை பேட்ஜ் ஒட்டுவது. அதில் எனக்கு ஒரே ஒரு கொள்கைதான்: வண்டி எதுவோ அதை மட்டும்தான் பேட்ஜ் சொல்ல வேண்டும். சீரிஸ் வண்டியின் பொனட்டில் 'டிஃபெண்டர்' என்று பெரிதாக ஒட்டிக்கொண்டு போகிறார்கள். டிஃபெண்டர் என்ற பெயரே 1990-இல்தான் வந்தது, 1964-இல் செய்த வண்டிக்கு அது எப்படிப் பொருந்தும்? மிட்சுபிஷி ஜீப்பின் பக்கவாட்டில் 'வில்லிஸ்' என்று எழுதுவதும் அப்படித்தான். மிட்சுபிஷிக்காரர்கள் 1953-லிருந்து வில்லிஸ் உரிமம் வாங்கி அந்த ஜீப்பைச் செய்தார்கள் என்பது உண்மை, அதனால் உறவு இருக்கிறது, ஆனால் பெயர் வேறு. மிட்சுபிஷியின் மூன்று வைரமே நல்ல அழகான சின்னம், அதைத் துடைத்து வைத்தாலே போதும் என்பேன். நம் ஊரில் எல்லாவற்றையும் 'ஜீப்' என்றுதான் சொல்கிறோம், அது பேச்சு. பேட்ஜ் என்பது எழுத்து. எழுத்தில் பொய் இருக்கக்கூடாது.

பிரித்தானியக் கொடி ஸ்டிக்கரும் இங்கே நிறைய ஓடுகிறது, துரைமார் காலத்து வண்டி என்பதைக் காட்டுவதற்காக. வண்டி சொலிஹல்லில் செய்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும், அதை அந்த நீள்வட்டப் பேட்ஜே சொல்லிவிடுகிறது: நடுவில் லேண்ட் ரோவர், சுற்றி 'சொலிஹல், வார்விக்ஷயர், இங்கிலாந்து'. அதற்கு மேல் கொடி என் வண்டியில் ஏறாது. அந்த வண்டிகளை இந்த மலைகளில் ஓட்டியவர்கள், தள்ளியவர்கள், சேற்றில் கல்லும் கட்டையும் போட்டு ஏற்றியவர்கள் எங்கள் ஆட்கள்.

எழுத்து என்றதும் நம்பர் தகடு ஞாபகம் வருகிறது. 'ஸ்ரீ' எழுத்து நம்பர் உள்ள பழைய வண்டிக்கு இப்போது தனி மவுசு, அதற்காகவே விலை ஏற்றிக் கேட்கிறார்கள். 1957, 58-இல் அந்தச் சிங்கள எழுத்தை எதிர்த்துத்தான் தமிழர்கள் போராடினார்கள், தமிழில் ஸ்ரீ எழுதிய தகட்டோடு வண்டி ஓட்டினார்கள். தாத்தா அந்தக் கதையைச் சொல்லும்போது குரல் மாறிவிடும். என் வண்டியிலும் அந்த எழுத்துத்தான் இருக்கிறது. அதைக் கழற்றவும் மாட்டேன், குரோம் சட்டம் போட்டு அலங்கரிக்கவும் மாட்டேன், சட்டப்படி இருக்க வேண்டிய இடத்தில் இருந்துகொள்ளட்டும். ஆனால் ஒரு வண்டியில் எந்த மொழியில் என்ன எழுதியிருக்கிறது என்பது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இனிப் பேட்ஜைப் பொருத்துகிற வேலை. இதில்தான் அதிகம் பேர் வண்டியைக் கெடுக்கிறார்கள். லேண்ட் ரோவரின் பொடி, அதாவது வெளிக்கூடு, இரும்பு இல்லை. யுத்தம் முடிந்த சமயத்தில் இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு, அதனால் பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் செய்தார்கள், 1948-இல் தொடங்கியது அப்படியே நின்றுவிட்டது. அலுமினியம் துருப்பிடிக்காது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தனியாக இருந்தால் சரி. அதில் ஓர் இரும்புத் திருகாணியைப் போட்டு, மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்து மே மாத மழையில் நிறுத்தினால், இரண்டு உலோகமும் தண்ணீரும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். தின்னப்படுவது அலுமினியம். முதலில் பெயின்ட் கொப்புளிக்கும், குத்திப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி, கடைசியில் திருகாணி மட்டும் பத்திரமாக இருக்கும், அதைச் சுற்றி ஓட்டை பெரிதாகியிருக்கும். என் வண்டியின் பின்பக்கத் தகட்டில் யாரோ முந்தி ஒரு பேட்ஜை இரும்பு ஸ்குரூவால் அடித்திருந்தார்கள், அந்த இரண்டு ஓட்டையிலும் என் சுண்டுவிரல் நுனி நுழைந்தது. ஆகவே அலுமினிய ரிவெட் போடுங்கள், பேட்ஜுக்குப் பின்னால் மெல்லிய ரப்பர் ஷீட் வெட்டி வையுங்கள், ஓட்டையின் விளிம்புக்குப் பெயின்ட் தொட்டுக் காயவிட்டு அப்புறம் அடியுங்கள். பித்தளைப் பேட்ஜ் என்றால் இன்னும் கவனம், அலுமினியத்துக்குப் பித்தளை இரும்பைவிட மோசமான அயல்வீட்டுக்காரன்.

முதலில் நான் வாங்கியது புதிதாகச் செய்த நகல் பேட்ஜ். பளபளவென்று இருந்தது. அப்பா கையில் வாங்கி எடை பார்ப்பது போல இரண்டு முறை குலுக்கிவிட்டு, "இது பொம்மக்கட சாமான் தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு கொழும்புக்குப் போன ஒரு நாள் பஞ்சிகாவத்தையில், கியர்பொக்ஸ் துண்டுகளுக்கும் பழைய டைனமோக்களுக்கும் நடுவில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள் நாலைந்து பழைய பேட்ஜ்கள் கிடந்தன. ஒன்று ஓரத்தில் மடங்கியிருந்தது, அதனால் விலை குறைவு, அதைத்தான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து முற்றத்தில் கல்லின் மேல் வைத்துச் சுத்தியலை ஓங்கியதும் அப்பா பிடித்துக்கொண்டார். "அடிக்காத. தட்டு." உரப்பை ஒன்றில் மணலை நிரப்பித் தட்டையாகப் பரப்பி, அதன் மேல் பேட்ஜைக் கவிழ்த்து வைத்து, முதுகில் மரச் சுத்தியலால் தட்டச் சொன்னார். பத்துத் தட்டு, எடுத்துப் பார்ப்பது, பெருவிரலால் மேட்டைத் தடவுவது, மறுபடி ஐந்து தட்டு. அவசரப்பட்டால் எழுத்து அமுங்கிப் போகும். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். மடிப்பு முழுதாகப் போகவில்லை, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு கோடு தெரியும். அப்புறம் பிராசோ பாலிஷ் எடுத்துத் துடைக்கப் போனேன், அதையும் தடுத்தார். அவர் காலத்தில் தினமும் காலையில் பிரட்டுக்கு (ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற கூட்டத்துக்கு) முன்னால் வண்டி துடைத்து, பேட்ஜுக்குப் பிராசோ போட்டுப் போட்டு, எழுத்துக்குப் பின்னால் இருந்த நிறமெல்லாம் தேய்ந்துபோய்விட்டதாம். சோப்புத் தண்ணியும் பழைய துணியும் போதும் என்றார். அந்தப் பேட்ஜ்தான் இப்போது முன்னால் இருக்கிறது.

உள்ளே செய்கிற வேலைகளைப் பற்றிச் சொல்கிறேன். குஷன் கடைக்கு வண்டியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள், பக்கத்திலேயே இருங்கள். சீட்டுக்கு நான் போட்டது சாம்பல் நிற ரெக்சின், பழைய சீட்டில் இருந்ததற்குக் கிட்டத்தட்ட அதே நிறம், யானைத்தோல் மாதிரி சொரசொரப்பு. சிவப்புக் கோடு, வைரத் தையல், ஸ்பொஞ்சு வைத்த மேடு எல்லாம் போடலாம் என்று குஷன் பாஸ் படம் காட்டினார், நல்ல வேலைக்காரர்தான், ஆனால் இந்த வண்டியில் ஏறுகிறவன் நனைந்த சட்டையோடுதான் ஏறுவான், தையல் கூடினால் தண்ணீர் இறங்கும் வழி கூடும் என்று சொல்லி மறுத்துவிட்டேன். தரைக்குக் கார்ப்பட் வேண்டவே வேண்டாம். ரப்பர் மெட் போடுங்கள், அதையும் ஒட்டாதீர்கள். இந்த வண்டியில் கியர்பொக்ஸைக் கீழே இருந்து இறக்குவதில்லை, உள்ளேயிருந்து தரைத் தகடுகளையும் நடுக் கூட்டையும் சீட்டுப் பெட்டியையும் கழற்றித்தான் தூக்க வேண்டும். ஒட்டிய கார்ப்பட்டைப் பிய்த்தெடுக்கும்போது மெக்கானிக் உங்களை வாழ்த்த மாட்டார்.

எல்லாரும் நடு சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சாமான் பெட்டி வைக்கிறார்கள். பெட்டி வசதிதான், டோர்ச், ஸ்பேனர், பத்திரங்கள் எல்லாம் அடங்கும். நான் வைக்கவில்லை. முன்னால் மூன்று பேர் உட்காருகிற வண்டி இது, அம்மா நடுவில் உட்கார்ந்தால்தான் அவருக்கு இரண்டு பக்கமும் பிடிமானம். வைக்கிறவர்கள் ஒன்றை மறக்காதீர்கள்: 88 அங்குல வண்டியில் பெற்றோல் டாங்கி வலது பக்க முன் சீட்டுக்கு நேர் கீழே இருக்கிறது, அதாவது நம் ஊரில் டிரைவருக்குக் கீழே. கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சீட்டுப் பெட்டியில் டிரில்லை இறக்காதீர்கள்.

காசு கைவசம் கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் அலங்காரத்துக்கு முன்னால் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற இரண்டு காற்று மூடிகளின் ரப்பரை மாற்றுங்கள். அது போய்விட்டால் நானுஓயா இறக்கத்தில் மழைத் தண்ணீர் நேராக முழங்காலில் விழும். வெளியில் வரிசையாக லைட்டு மாட்டுகிற ஆசை எனக்கும் இருந்தது, விட்டுவிட்டேன். 2025 ஜனவரியில் பஸ், ஓட்டோக்களில் கூடுதலாக மாட்டியதையெல்லாம் கழற்றச் சொல்லிப் பொலிஸ் இறங்கியது ஞாபகம் இருக்கும். பனிமூட்டத்தில் உயரமாக மாட்டிய வெள்ளை லைட்டு உங்கள் கண்ணையே குருடாக்கும், தாழ்வாக இரண்டு மஞ்சள் லைட்டு இருந்தால் ரோட்டின் வெள்ளைக்கோடு தெரியும்.

கரண்ட் விஷயம் தனி. ஃபோன் சார்ஜ் போட ஒரு சொக்கெட் வேண்டும் என்று ஒரு கடையில் கொடுத்தேன். பொருத்திக் கொடுத்தார்கள், ஃபோனைச் செருகினேன், ஒரு வாசனை வந்தது, சார்ஜர் செத்தது. காரணம் எளிது. இப்போதைய வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ்தான் பொடியோடு சேரும். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த லேண்ட் ரோவர்களில் பொசிட்டிவ்தான் பொடியோடு சேர்ந்திருக்கும். வழக்கம் போல வயர் கொடுத்தால் எல்லாம் தலைகீழாகப் போகும். பழைய வண்டியில் ரேடியோ, சார்ஜர், எல்ஈடி எதையும் மாட்டுமுன் பேட்டரியிலிருந்து வருகிற தடித்த வயரில் எது சட்டகத்தில் இறுக்கியிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். நான் பிறகு முழு வண்டியையும் நெகட்டிவுக்கு மாற்றிவிட்டேன்: பேட்டரி வயரைத் திருப்பி, கொயில் இணைப்பை மாற்றி, அம்மீட்டரின் இரண்டு வயரையும் இடம் மாற்றி, டைனமோவுக்கு மறுபடி துருவம் ஏற்றி. தெரிந்த எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. மாற்றியதை ஒரு சின்ன அட்டையில் எழுதி பேட்டரிக்குப் பக்கத்தில் கட்டியும் வைத்திருக்கிறேன், நாளைக்கு வேறொருவர் கை வைக்கும்போது தெரிய வேண்டும்.

பிள்ளையார் இல்லாமல் நம் வண்டி ஏது. மாணிக்கப் பிள்ளையார் கோயிலில் பூசை வைத்த அன்றே ஒரு காந்தம் வைத்த பிள்ளையாரை வாங்கினேன். மகள் அவரைக் கதவில் ஒட்டினாள், விழுந்தார். மட்கார்டில் வைத்தாள், விழுந்தார். டாஷ்போட்டில் வைத்ததும் டக்கென்று பிடித்துக்கொண்டார். ஏனென்றால் முன் சுவரும் டாஷ்போட்டும் இரும்பு, கதவும் மட்கார்டும் அலுமினியம். அன்றைக்கு அவள் காந்தத்தை எடுத்துக்கொண்டு வண்டி முழுக்கத் தடவிப் பார்த்து எது இரும்பு, எது அலுமினியம் என்று எனக்கே சொல்லிக் கொடுத்தாள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்வது நல்லது. எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

இப்போது அந்தத் தகடு. லேண்ட் ரோவருக்குள் சின்னச் சின்ன உலோகத் தகடுகள் இருக்கும், கியர் எந்தப் பக்கம், எந்தக் குமிழ் எதற்கு என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். மஞ்சள் குமிழைக் கீழே அமுக்கினால் முன் சக்கரங்களுக்கும் சக்தி போகும். சிவப்புக் குமிழ் உள்ள லீவரைப் பின்னால் இழுத்தால் லோ ரேஞ்ச், வண்டி யானை மாதிரி மெதுவாக, பலமாக ஏறும், முன் சக்கரமும் தானாகச் சேர்ந்துகொள்ளும். அப்பாவிடம் கேட்டேன், நீங்கள் அந்தத் தகட்டைப் படித்தா கற்றுக்கொண்டீர்கள் என்று. அவர் சிரித்தார். அவருக்கு முன் டிரைவராக இருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாராம். "மஞ்சள அமுக்கு, நாலு வீல். செவப்பத் தொடுறதுக்கு முன்ன நில்லு. நின்னுட்டு இழு." அவ்வளவுதான் பாடம். அந்தப் பெரியவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இத்தனை வருடமும் தகட்டில் ஒரு மொழி, வண்டியை ஓட்டியவர்கள் வாயில் வேறு மொழி. அந்தப் பேச்சைத் தகட்டில் ஏற்ற வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கோயில் உபயத் தகடுகள், கடைப் பெயர்கள் வெட்டுகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். பழைய ஆங்கிலத் தகட்டின் அளவிலேயே வேண்டும் என்றேன், அங்கேதான் சிக்கல் வந்தது. ஆங்கிலத்தில் அடங்கிய இடத்தில் தமிழ் அடங்கவில்லை. 'முன் சக்கரங்களை இணைக்கக் கீழே அழுத்தவும்' என்று நான் எழுதிக்கொண்டு போனது இரண்டு தகட்டுக்கு வரும். வீட்டுக்கு வந்து அப்பாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகக் குறைத்தேன். 'அழுத்து' என்று வைத்தேன், அவர் 'அமுக்கு' என்றார், அழுத்து என்று யாரும் சொன்னதே இல்லையாம். 'ஏற்றத்துக்கு' என்பது 'ஏற்றம்' ஆனது. 'நில்' என்பதை மட்டும் எடுக்கவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தார், ஓடுகிற வண்டியில் சிவப்பை இழுத்தால் பல் கடிக்கிற சத்தத்தை அவர் கேட்டிருக்கிறார்.

கடைசியில் வந்தது இவ்வளவுதான்:

மஞ்சள்: அமுக்கு. நாலு வீல்.
சிவப்பு: நில். பின்னே இழு. ஏற்றம்.

முதல் தகட்டில் 'அமுக்கு'வின் நடுப் புள்ளி விழவில்லை, 'அமுககு' என்று வந்துவிட்டது. சின்ன எழுத்தில் புள்ளி வெட்டுகிற ஊசி நிற்காமல் வழுக்கிவிடுகிறது என்றார் வெட்டுபவர். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டார், அவரும் முகம் சுளிக்காமல் மறுபடி வெட்டித் தந்தார். இரண்டாவதில் ஒன்பது புள்ளிகளும் கூர்மையாக நின்றன. பித்தளை என்பதால் அலுமினியப் பக்கம் போகாமல், பழைய தகட்டுக்குப் பக்கத்தில், இரும்பு டாஷ்போட்டில், பின்னால் சைக்கிள் டியூப் வெட்டி வைத்துப் பொருத்தினோம். பழைய ஆங்கிலத் தகட்டையும் கழற்றவில்லை. அதுவும் வண்டியோடு பிறந்தது.

தம்பி, நீங்கள் இதைப் படித்தால்: உங்கள் ஜீப்பில் லீவர்கள் வேறு மாதிரி, என் வாசகத்தை அப்படியே எடுக்காதீர்கள். அந்த வண்டியை முந்தி ஓட்டியவர் யாராவது இருந்தால் தேடிப் பிடித்து, அவர் எப்படிச் சொல்கிறார் என்று கேட்டு அதையே எழுதுங்கள். பொருத்தப் போகிற இடத்தின் அளவுக்குக் கார்ட்போட்டில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போங்கள். வாங்கும்போது புள்ளிகளை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.